கடற்படையில் ஆளைக் குறைத்தால் வரி குறையுமா?

ஒவ்வொரு பிப்ரவரியிலும் மத்திய பட்ஜெட் வெளியாகும்போதும், நான்காண்டுப் படைப்பணிக்கான அக்னிவீர் ஆள்சேர்ப்பு அறிவிப்புகள் வரும்போதும் ஒரு வாதம் தவறாமல் எழுகிறது. முப்படைகளில் ஆட்கள் அதிகம். அதிலும் தானியங்கிக் கருவிகள் பெருகிவிட்ட கடற்படையில் மாலுமிகளைக் குறைத்தால் சம்பளமும் ஓய்வூதியமும் மிஞ்சும். மிஞ்சிய பணத்தைக் கொண்டு வரியைக் குறைக்கலாம் என்பது அந்த வாதம். நீலகிரியில் இந்தப் பேச்சுக்குத் தனிக் கனம் உண்டு. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம், முப்படை அதிகாரிகள் படிக்கும் பாதுகாப்புப் படைப் பணியாளர் கல்லூரி, அருவங்காட்டில் கார்டைட் (வெடிமருந்து) தொழிற்சாலை என்று பாதுகாப்புத் துறையின் சம்பளமும் ஓய்வூதியமும் குன்னூர்க் கடைவீதி வரை புழங்குகின்றன. அதே வட்டாரத்தில் பசுந்தேயிலைக்குக் கிடைக்கும் விலை கட்டுப்படியாகாமல், உரத்திலும் டீசலிலும் ஏறும் வரியைப் பற்றிக் கசந்து பேசும் சிறு விவசாயிகளும் இருக்கிறார்கள். ஓய்வூதியம் வாங்கும் தந்தையும் ஜி.எஸ்.டி. கட்டும் மகனும் ஒரே கூரையின் கீழ் இருப்பது இங்கே அபூர்வமல்ல.

வாதம் கேட்பதற்கு நேராக இருக்கிறது. ஆனால் அதற்குள் இருக்கும் காலக்கணக்கு நேராக இல்லை. ஆளைக் குறைப்பதால் வரும் மிச்சம் சிறியது, அதுவும் பல ஆண்டுகள் கழித்தே வருவது. ஆளோடு போகும் திறமையோ உடனே போய்விடுவது. இது ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

நாடாளுமன்றம் ஆளை எண்ணுவதில்லை, பணத்தை எண்ணுகிறது

இந்தியாவில் கடற்படையில் எத்தனை பேர் இருக்கலாம் என்று நாடாளுமன்றம் ஆண்டுதோறும் வாக்களிப்பதில்லை. அரசியலமைப்பின் 113-ஆம் பிரிவின்படி செலவுக்கான தொகை 'மானியக் கோரிக்கை' என்ற வடிவில் மக்களவைக்கு வருகிறது. பாதுகாப்பு அமைச்சகத்துக்கு இப்படி நான்கு கோரிக்கைகள் உண்டு. அமைச்சகத்தின் குடிமைச் செலவு ஒன்று, சம்பளம், எரிபொருள், உதிரிபாகம், பராமரிப்பு ஆகியவை அடங்கிய படைகளின் வருவாய்ச் செலவு மற்றொன்று, கப்பல், விமானம், ஆயுதம் வாங்கும் மூலதனச் செலவு மூன்றாவது, ஓய்வூதியம் நான்காவது.

இத்தொகைகளை எதிர்க்க விரும்பும் உறுப்பினருக்கு வெட்டுத் தீர்மானம் என்ற கருவி இருக்கிறது. அது மூன்று வகைப்படும்.

1. கொள்கையையே ஏற்காதவர், கோரிக்கைத் தொகையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம்.
2. சிக்கனம் வேண்டுபவர், ஒரு குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்லலாம்.
3. ஒரு குறையைச் சபையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புபவர், அடையாளமாக 100 ரூபாய் குறைக்கச் சொல்லலாம்.

நடைமுறையில் பல ஆண்டுகள் பாதுகாப்புத் துறையின் கோரிக்கைகள் தனி விவாதமே இல்லாமல், நேரம் முடிந்துவிட்டது என்று மற்றவற்றோடு சேர்த்து மொத்தமாக நிறைவேறிவிடுகின்றன. ஆகவே 'எத்தனை மாலுமிகள் தேவை, ஏன்' என்ற கேள்வி சபையில் நேருக்கு நேர் விவாதிக்கப்படும் வாய்ப்பு குறைவு.

பிரிட்டனில் மரபு வேறு. அங்கே 'வோட் ஏ' என்ற பெயரில் படைகளின் அதிகபட்ச ஆள் எண்ணிக்கையே நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு வருகிறது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில், 'இத்தனை ஆயிரம் மாலுமிகள்' என்று அரசு கேட்பதும், 'வரி கட்டும் மக்களை நினைத்து இத்தனை ஆயிரத்தைக் குறையுங்கள்' என்று சிக்கனவாதிகள் எதிர்த்தீர்மானம் கொண்டுவருவதும் வழக்கமான காட்சிகள். நம் நாட்டில் இன்று நடக்கும் விவாதத்தின் எல்லாக் கிளைகளும் அங்கே ஏற்கெனவே முளைத்துக் காய்த்து உதிர்ந்திருக்கின்றன. அதனால்தான் அந்த வரலாற்றைச் சற்று நின்று பார்ப்பது பயனுள்ளது.

1792: குறைத்தது 2,000 பேர், தள்ளியது மெழுகுவர்த்தி வரி

1792 பிப்ரவரி 17 அன்று பிரிட்டனின் பிரதமரும் நிதியமைச்சருமான இளைய வில்லியம் பிட் தம் பட்ஜெட்டை முன்வைத்தார். ஐரோப்பாவின் நிலையைப் பார்த்தால் பதினைந்து ஆண்டு அமைதியை எதிர்பார்ப்பதற்கு இதைவிட நியாயமான காலம் இருந்ததில்லை என்ற பொருள்பட அன்று அவர் பேசினார். அந்த நம்பிக்கையின் பேரில் கடற்படையின் ஆள்பலம் 18,000-லிருந்து 16,000 ஆகக் குறைக்கப்பட்டது. மெழுகுவர்த்தி மீதான வரியில் ஒரு பகுதி, வண்டிகள் மீதான வரி, வீட்டு வேலைக்காரப் பெண்களை வைத்திருப்பதற்கான வரி, ஏழுக்கும் குறைவான ஜன்னல்கள் கொண்ட சிறு வீடுகளின் வரி ஆகியவை தள்ளுபடியாயின. சாதாரணக் குடும்பங்களைத் தொட்ட வரிகளாகப் பார்த்துத்தான் அவர் தேர்ந்தெடுத்திருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஓராண்டு முடிவதற்குள் எல்லாம் தலைகீழானது. 1793 பிப்ரவரி 1 அன்று பிரான்ஸ் போர் அறிவித்தது. கப்பல்கள் துறைமுகத்தில் இருந்தன. அவற்றை இயக்க ஆட்கள் இல்லை. துறைமுக ஊர்களிலும் வணிகக் கப்பல்களிலும் இருந்தவர்களைப் பிடித்து இழுத்து வந்து கடற்படையில் சேர்க்கும் கட்டாய ஆள்பிடிப்பு முடுக்கிவிடப்பட்டது. அதுவும் போதாமல் 1795-இல் ஒவ்வொரு மாவட்டமும் இத்தனை பேரைத் தர வேண்டும் என்று சட்டமே இயற்றப்பட்டது. 1797-இல் ஸ்பிட்ஹெட் துறையில் மாலுமிகள் கப்பலை நகர்த்த மறுத்தார்கள். அவர்களின் முதல் குறை சம்பளம்: 1658-க்குப் பிறகு அது உயரவே இல்லை. போர் நடந்துகொண்டிருக்கும்போதே அரசு பணிந்து ஊதியத்தை உயர்த்த நேர்ந்தது. 1799-இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்த கடற்படை ஆள்பலம் 1,20,000. அதே ஆண்டில்தான் பிட் பிரிட்டனின் முதல் வருமான வரியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 பவுண்டுக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் பத்தில் ஒரு பங்கைக் கட்ட வேண்டியிருந்தது.

இதை வைத்து 'மாலுமியைக் குறைத்தார், போர் வந்தது' என்று முடிச்சுப் போடுவது தவறு. 2,000 பேரைக் குறைத்ததால் போர் வரவில்லை. குறைக்காமல் இருந்திருந்தாலும் போர் நின்றிருக்காது. கவனிக்க வேண்டியது வேறொன்று. பயிற்சி பெற்ற மாலுமியை அனுப்பிவிட ஓர் ஆணை போதும்; திரும்ப உருவாக்கப் பல ஆண்டுகள் தேவை; அந்த ஆண்டுகளை விலைக்கு வாங்க முயலும்போது சேமித்ததைவிடப் பன்மடங்கு செலவாகிறது.

1816: வரி யாருக்குக் குறைந்தது?

நெப்போலியனுடன் நடந்த போர்கள் முடிந்த பிறகு, 1816 மார்ச்சில், அரசின் விருப்பத்துக்கு மாறாக 37 வாக்கு வித்தியாசத்தில் நாடாளுமன்றம் வருமான வரியை ஒழித்தது. வருவாய் அறுந்த அரசு படைகளை வெட்டத் தொடங்கியது. போரின் உச்சத்தில் 1,40,000-ஐத் தாண்டியிருந்த கடற்படை ஆள்பலம் 1817-இல் 19,000 ஆகச் சுருங்கியது. இதைவிடப் பெரிய ஆள்குறைப்பைக் கற்பனை செய்வது கடினம்.

அப்படியிருந்தும் சாமானியரின் வரிச்சுமை பெரிதாக இறங்கவில்லை. இரண்டு காரணங்கள். முதலாவது, போருக்காக வாங்கிய கடனின் வட்டி அரசுச் செலவில் பாதிக்கு மேல் விழுங்கியது. இரண்டாவது, வேலை இழந்த அதிகாரிகளுக்கு அரைச் சம்பளமும் முதியவர்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் ஓய்வூதியமும் தந்தாக வேண்டியிருந்தது. ஆள் போன பிறகும் ஆளுக்கான செலவு போகவில்லை. ஒழிந்தது வசதி படைத்தவர்கள் கட்டிய வருமான வரி. உப்பு, சோப்பு, மெழுகுவர்த்தி மீதான வரிகள் அப்படியே நின்றன. ஜோசப் ஹியூம் போன்ற சிக்கனவாதிகள் பல ஆண்டுகள் ஒவ்வொரு செலவுத் தலைப்பையும் பிரித்து மேய்ந்தும் இந்த வட்டியையும் ஓய்வூதியத்தையும் அசைக்க முடியவில்லை. 1842-இல் பிரதமர் ராபர்ட் பீல் வருமான வரியைத் திரும்பக் கொண்டுவந்தார்.

வட்டியும் ஓய்வூதியமும்: இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் பட்ஜெட்டுக்கு வரலாம்.

இந்தியாவின் கணக்கு

2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது 6.81 லட்சம் கோடி, அதாவது மொத்தத்தில் 13.45 சதவீதம். கடன்களுக்கான வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. முப்படைகள், அவற்றின் ஓய்வூதியம், ஆயுதக் கொள்முதல் எல்லாவற்றையும் சேர்த்தாலும் வட்டிக்குப் போகும் தொகையில் பாதியைச் சற்றே தாண்டுகிறது.

அந்த 6.81 லட்சம் கோடிக்குள் படைகளின் வருவாய்ச் செலவு 3.12 லட்சம் கோடி, மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி, ஓய்வூதியம் 1.61 லட்சம் கோடி. ஓய்வூதியம் பெறுவோர் 34 லட்சம் பேர். இவர்களில் சீருடை அணிந்தவர்கள் மட்டும் இல்லை. பாதுகாப்புத் துறையின் குடிமை ஊழியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்களும் அடக்கம். இந்த வேறுபாடு பொதுவிவாதத்தில் பெரும்பாலும் மறைந்துபோகிறது.

கடற்படையின் ஆள்பலம் சுமார் 70,000. தரைப்படையில் 12 லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். ஆகவே படைகளின் சம்பளச் செலவை மனத்தில் வைத்து 'கடற்படையைக் குறையுங்கள்' என்று சொல்பவர், தரைப்படையில் பதினைந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத ஒரு கூட்டத்தைச் சுட்டுகிறார்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடற்படையில் 5,000 பேரைக் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். சம்பளம், படிகள், உணவு, உடை, குடியிருப்பு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் என்றும் ஓர் அனுமானம் கொள்வோம்.

1. மிச்சமாகும் தொகை ஆண்டுக்கு 600 கோடி ரூபாய்.
2. இது பாதுகாப்பு ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மொத்த பட்ஜெட்டில் நூறில் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும்.
3. 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு 2024 ஜூலை 31 வரை 7.28 கோடி வருமான வரிக் கணக்குகள் தாக்கலாயின. 600 கோடியை அவற்றுக்குப் பங்கிட்டால் ஒரு கணக்குக்கு ஆண்டுக்குச் சுமார் 82 ரூபாய். குன்னூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய உணவகத்தில் ஒரு மசால் தோசைக்கும் காபிக்கும் அது காணுமா என்பது சந்தேகம்.
4. 2025-26 பட்ஜெட்டில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை என்று அறிவித்ததால் அரசு விட்டுக்கொடுத்த நேரடி வரி சுமார் 1 லட்சம் கோடி ரூபாய். அதை மாலுமிகளைக் குறைத்து ஈடுகட்ட வேண்டுமானால் 8 லட்சத்துக்கு மேற்பட்ட மாலுமிகளைக் குறைக்க வேண்டும். இருப்பவர்களோ 70,000 பேர்.

அனுமானத்தை இரட்டிப்பாக்கினாலும், ஒருவருக்கு 24 லட்சம் என்றே கொண்டாலும், முடிவு மாறாது. வரியைக் குறைப்பதும் கூட்டுவதும் வருவாய், கடன், வட்டி ஆகிய மூன்றுக்கும் இடையே நடக்கும் பேரம். மாலுமிகளின் எண்ணிக்கை அந்தப் பேரத்தில் உட்காரும் அளவுக்குப் பெரியதல்ல.

வரிச்சுமை என்று சொல்லும்போது யாருடைய சுமை என்ற கேள்வியும் இருக்கிறது. கோத்தகிரியிலோ குந்தாவிலோ ஓர் ஏக்கர் தேயிலை வைத்துப் பசுந்தேயிலையை மட்டும் தொழிற்சாலைக்கு விற்பவரின் வருமானம் விவசாய வருமானம்; அதற்கு மத்திய வருமான வரி கிடையாது. தாமே வளர்த்துத் தாமே தேயிலைத் தூளாக்கி விற்கும் நிறுவனங்களுக்குத்தான், அந்த வருமானத்தில் 40 சதவீதம் மத்திய வரிக்கு உட்படும். சிறு விவசாயி கட்டும் வரி முழுவதும் மறைமுக வரி: உரத்தில் 5 சதவீத ஜி.எஸ்.டி., டீசலில் கலால் வரி, கடையில் வாங்கும் பல பொருள்களில் ஏதோ ஒரு விகிதம். படைக்குறைப்பால் மிஞ்சும் பணம் வருமான வரிச் சலுகையாகத் திரும்பினால் அவருக்கு ஒரு பைசாவும் வராது. 1816-இல் நடந்ததும் இதுதான்.

ஓய்வூதியம் வேறு கடிகாரத்தில் ஓடுகிறது

ஆள்குறைப்பை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் சம்பளம் பற்றியதல்ல, ஓய்வூதியம் பற்றியது. அதை நியாயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய முறையில் 18, 19 வயதில் சேரும் மாலுமி 15 ஆண்டுப் பணியை முடித்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுவார். முப்பதுகளின் நடுவில் ஓய்வு பெறுபவருக்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் ஓய்வூதியம் தர வேண்டியிருக்கும். மாதம் 25,000 ரூபாய் என்று கொண்டால், உயர்வு எதுவும் இல்லாமலே, நாற்பது ஆண்டில் 1.2 கோடி. இதனுடன், ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற திட்டம் 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்ததால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொகை திருத்தப்படுகிறது.

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இந்தச் சங்கிலியை வெட்ட முயல்கிறது. நான்காண்டுப் பணி, முடிவில் 25 சதவீதம் பேர் வரை மட்டும் நிரந்தரப் பணிக்குத் தேர்வு, மற்றவர்களுக்கு ஓய்வூதியமோ பணிக்கொடையோ இல்லை. முதலாண்டு மாதம் 30,000, பிறகு 33,000, 36,500, 40,000 என்று ஊதியம் உயரும். அதில் 30 சதவீதம் பிடிக்கப்பட்டு, அதற்குச் சமமான தொகையை அரசும் சேர்த்து, வட்டி நீங்கலாக 10.04 லட்சம் ரூபாய் சேவா நிதியாகக் கடைசியில் தரப்படும். நான்காண்டு ஊதியம் 16.74 லட்சம், அரசின் பங்கு 5.02 லட்சம், ஆக ஓர் அக்னிவீரருக்கு ஊதிய வகையில் அரசு செலவிடுவது ஏறக்குறைய 21.76 லட்சம். பழைய முறையோடு ஒப்பிட்டால் நீண்ட காலத்தில் இது பெரிய மிச்சம்தான்.

ஆனால் மிச்சம் எப்போது வரும்? 2022-இல் பழைய முறையில் சேர்ந்திருக்கக்கூடிய ஒருவர் 2037-க்கு முன் ஓய்வூதியம் வாங்கியிருக்கப் போவதில்லை. அவரைச் சேர்க்காததால் 2037 வரை ஓய்வூதியக் கணக்கில் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. 2025-26 பட்ஜெட்டில் தெரியும் 1.61 லட்சம் கோடி, பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்து 2000-களின் இறுதி வரை சேர்ந்து பணியாற்றி முடித்தவர்களுக்கு நாடு கொடுத்த வாக்கு. அடுத்த பத்தாண்டில் பணியிலிருந்து வெளியேறப் போகிறவர்களும் பழைய முறையில் சேர்ந்தவர்கள்தாம். அதனால் அந்தத் தொகை இன்னும் ஏறும். எந்த ஆள்குறைப்பு அறிவிப்பும் அதைத் தடுக்காது.

இதற்கு நேரெதிரான ஒரு வழியும் ஒருமுறை முன்வைக்கப்பட்டது. 2020-இல், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தின் பொறுப்பில் இருந்த ராணுவ விவகாரத் துறை, ஓய்வு வயதை உயர்த்தி, பயிற்சி பெற்றவர்களைக் கூடுதல் காலம் பணியில் வைத்திருக்கும் யோசனையைக் கூறியது. ஓய்வூதியம் தொடங்குவது தள்ளிப்போகும், திறமையும் கையை விட்டுப் போகாது என்பது அதன் தர்க்கம். முன்கூட்டியே விலகுபவர்களின் ஓய்வூதியத்தைக் குறைக்கும் பகுதிக்குக் கடும் எதிர்ப்பும் கிளம்பியது. 2021 டிசம்பர் 8 அன்று, வெலிங்டன் கல்லூரிக்கு வரும் வழியில், காட்டேரியை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் அவர் மறைந்தார். ஆறு மாதம் கழித்து வந்த அக்னிபத், பணிக்காலத்தை நீட்டும் யோசனைக்கு நேர்மாறாக அதைச் சுருக்கியது. கடற்படை போன்ற தொழில்நுட்பப் படைக்கு முதல் வழியே பொருத்தமானது என்பது என் கணிப்பு.

கப்பலில் ஓர் ஆள் என்ன செய்கிறார்

மலையின் பெயரைத் தாங்கிய இரு கப்பல்களை ஒப்பிட்டாலே ஆள்குறைப்பின் நியாயமும் எல்லையும் ஒருசேர விளங்கும். முதல் ஐ.என்.எஸ். நீலகிரி 1972 ஜூன் 3 அன்று கடற்படையில் சேர்க்கப்பட்டது. ஏறக்குறைய 3,000 டன் எடை கொண்ட, நீராவியால் இயங்கிய அந்தப் போர்க்கப்பலில் சுமார் 265 பேர் பணியாற்றினார்கள். கொதிகலனைக் கவனிக்கவே பெரிய குழு தேவைப்பட்டது. இன்றைய ஐ.என்.எஸ். நீலகிரி 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் சேர்க்கப்பட்டது. எடையில் பழையதைவிட இரு மடங்குக்கும் மேல். டீசல் எஞ்சினும் எரிவாயுச் சுழலியும் மாறி மாறி இயக்கும் இக்கப்பலுக்குச் சுமார் 225 பேர் போதும். கப்பல் இரட்டிப்பாகியும் ஆள் குறைந்திருக்கிறது. இது கணினியும் உணர்கருவிகளும் சாத்தியமாக்கிய உண்மையான குறைப்பு. திட்டமிட்டு வடிவமைத்த குறைப்பு.

வடிவமைத்த அளவுக்கும் கீழே பட்ஜெட்டுக்காகக் குறைப்பது வேறு விஷயம். கப்பலில் ஒரே வேலைக்கு ஒரே ஆள் போதாது. இருபத்து நான்கு மணி நேரமும் எஞ்சின் அறை, கட்டுப்பாட்டு மேடை, நீருக்கடியில் ஒலியால் தேடும் சோனார், ரேடார் ஆகியவற்றில் முறை மாற்றிக் காவல் இருக்க வேண்டும். தீப்பிடித்தாலோ தண்ணீர் புகுந்தாலோ, காவலில் இருப்பவர்களை அசைக்காமலே, குழாயைப் பிடிக்கவும் முட்டுக் கொடுக்கவும் காயம்பட்டவரைத் தூக்கவும் தனியாக ஆட்கள் வேண்டும். கணினி தண்ணீர் புகுந்ததைச் சொல்லும், அடைக்காது. கரையிலும் பயிற்சியில் ஒரு பகுதியினர், பழுதுபார்ப்பில் ஒரு பகுதியினர், நீண்ட பயணம் முடிந்து ஓய்வில் ஒரு பகுதியினர் என்று இருந்தால்தான் 225 இடங்களும் எப்போதும் நிரம்பியிருக்கும்.

இந்தப் பாடத்தை அமெரிக்கக் கடற்படை விலை கொடுத்துக் கற்றது. 2000-களில் கப்பல் குழுக்களைச் சுருக்கும் கொள்கையை அது கடைப்பிடித்தது. கரையோரச் சண்டைக்கென உருவாக்கிய புதிய வகைக் கப்பல்களை வெறும் 40 பேர் கொண்ட அடிப்படைக் குழு இயக்கும் என்றார்கள். அது 50 ஆனது, பிறகு 70 ஆனது. 2017 மே மாதத்தில் அந்நாட்டின் அரசுத் தணிக்கை அமைப்பு வெளியிட்ட அறிக்கை இரண்டு செய்திகளைச் சொன்னது. வாரத்துக்கு 80 மணி நேரம் என்று திட்டமிட்ட பணி நடைமுறையில் 108 மணி நேரமாக இருந்தது. ஆள்செலவு குறைந்த காலத்தில் பராமரிப்பு வேலை தேங்கிப்போய், கப்பலை வைத்திருப்பதற்கான மொத்தச் செலவு கூடியிருந்தது. வரி கட்டுபவரின் பக்கம் நின்று பார்த்தாலும் அது நட்டக் கணக்கு. அதே ஆண்டு ஜூனில் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற போர்க்கப்பல் சரக்குக் கப்பலோடு மோதி 7 மாலுமிகளும், ஆகஸ்டில் ஜான் எஸ். மெக்கெய்ன் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகளும் இறந்தார்கள். விசாரணைகள் பல காரணங்களைக் கூறின. களைப்பும் போதிய பயிற்சியின்மையும் அவற்றுள் இருந்தன.

பிரிட்டன் 2010-இல் சிக்கனத்துக்காகக் கடற்படையில் சுமார் 5,000 பேரைக் குறைக்க முடிவு செய்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள், ஓட்ட ஆளில்லாமல் கப்பல்கள் துறைமுகத்தில் நிற்பது அங்கே வழக்கமான செய்தியாகிவிட்டது. கப்பலைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பதினைந்தாண்டு அனுபவமுள்ள எஞ்சின் மெக்கானிக்கை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.

ஏட்டில் குறையும் ஆட்கள்

ஒரு பதவி பட்ஜெட்டின் ஒரு தலைப்பிலிருந்து மறைந்தால் செலவும் மறைந்துவிட்டதாகப் பொருளல்ல. அருவங்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1903-இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை, ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்ட 2021 அக்டோபர் 1 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. தொழிலாளி அதே தொழிலாளி, வாயில் அதே வாயில். அரசின் செலவு மட்டும் இனி வெடிமருந்தின் கொள்முதல் விலைக்குள் உட்கார்ந்திருக்கும். அதே போலக் கடற்படைத் தளங்களில் சமையல், துப்புரவு, படகுப் பராமரிப்பு ஆகியவை ஒப்பந்தத்துக்குப் போகும்போது மாலுமிகளின் எண்ணிக்கை குறையும். ஒப்பந்தக்காரரின் பட்டியல் நீளும். சில இடங்களில் இது உண்மையிலேயே மலிவாக இருக்கலாம். ஆனால் 'இத்தனை பேரைக் குறைத்துவிட்டோம்' என்ற அறிவிப்பைப் படிப்பவர், ஒப்பந்தச் செலவின் தலைப்பையும் புரட்டிப் பார்க்காமல் அதை நம்ப வேண்டியதில்லை.

அப்படியானால் குறைக்கவே கூடாதா?

கூடும், குறைத்தும் இருக்கிறார்கள். பாதுகாப்புச் செலவைச் சீரமைக்க அமைத்த ஷேகட்கர் குழுவின் பரிந்துரைகளை ஏற்று, தரைப்படையில் சுமார் 57,000 பேரை வேறு பணிகளுக்கு மாற்றும் முடிவு 2017-இல் எடுக்கப்பட்டது. பால் பண்ணைகள் மூடப்பட்டன. பணிமனைகளும் கிடங்குகளும் ஒன்றாக்கப்பட்டன. சண்டையோடு தொடர்பில்லாத பணிகளில் வெட்டும்போது திறமை போவதில்லை. ஆனால் அங்கே மிஞ்சியதைப் படைக்குள்ளேயே வேறு தேவைக்குத் திருப்பினார்கள். எவருடைய வரியும் அதனால் குறையவில்லை, குறையும் என்று யாரும் வாக்களிக்கவும் இல்லை. நேர்மையான ஆள்குறைப்புத் திட்டத்தின் அடையாளமாக இதைத்தான் சொல்ல முடியும்.

கடற்படை அக்னிவீரர்களின் முதல் அணி ஒடிசாவின் சில்கா பயிற்சித் தளத்தில் பயிற்சி முடித்து 2023 மார்ச் 28 அன்று வெளிவந்தது. சுமார் 2,600 பேர் கொண்ட அவ்வணியில் 273 பெண்கள் இருந்தார்கள். 2022-இன் இறுதியில் பயிற்சியைத் தொடங்கியவர்கள் என்பதால் நான்காண்டு 2026-இன் இறுதியில் முடிகிறது. அப்போது வெளிவரும் செய்திகளையும் அதைத் தொடரும் பட்ஜெட்டையும் படிப்பவர்கள் பின்வருவனவற்றைத் தேடிப் பார்க்கலாம்.

1. எத்தனை பேர் தக்கவைக்கப்பட்டார்கள் என்பதோடு, எந்தப் பிரிவுகளில் என்பதும் சொல்லப்பட்டிருக்கிறதா? எஞ்சின், மின்னியல், சோனார் பிரிவுகளிலும் நால்வரில் மூவரை அனுப்பினால் ஒரு பொருள். சமையல், பண்டகப் பிரிவுகளில் மட்டும் அனுப்பினால் வேறொரு பொருள்.
2. மூத்த மாலுமிகளின் இடங்கள் காலியாகும் வேகத்துக்கு ஈடாகக் கீழிருந்து ஆட்கள் உயர்கிறார்களா? மலையிறங்கினால் கோவை ரெட்ஃபீல்ட்ஸில் இருக்கும் ஐ.என்.எஸ். அக்ரணியில் தலைமைப் பயிற்சி பெறுவோர் நான்காண்டில் வெளியேறும் இளைஞர்கள் அல்லர். பல ஆண்டு கடலில் கழித்தவர்கள்.
3. வருவாய்ச் செலவில் சம்பளம் குறைந்த அளவுக்குப் பராமரிப்பும் ஒப்பந்தச் செலவும் கூடியிருக்கின்றனவா?
4. புதிய கப்பல்களுக்கான மூலதன ஒதுக்கீடு, 2025-26-இல் கடற்படைக் கப்பல் தொகுதிக்கு ஒதுக்கிய 24,390 கோடியிலிருந்து ஏறுகிறதா? கப்பல்களைக் கூட்டிக்கொண்டே ஆட்களைக் குறைப்பதாகச் சொன்னால், அக்கப்பல்கள் எத்தனை பேருக்காக வடிவமைக்கப்பட்டவை என்ற எண்ணையும் உடன் கேட்க வேண்டும்.
5. வட்டிக்கான ஒதுக்கீடு 12.76 லட்சம் கோடியிலிருந்து எங்கே நிற்கிறது? வரி இறங்குமா ஏறுமா என்று அறிய விரும்பும் ஒருவர் பட்ஜெட் ஆவணத்தில் முதலில் திறக்க வேண்டிய பக்கம் இதுவே. கடற்படையின் பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.